பிணம் களவெடுத்த கொப்பி

"என்ரை வசனக் கொப்பியை ஆரோ களவெடுத்துப் போட்டான்!"

பொன்னம்பலம் போட்ட சத்தத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

கனடாவில், ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலக்கீழ் மண்டபம். தொண்ணூற்றி நாலாம் ஆண்டு மார்ச் மாதம். வாற சனிக்கிழமை நாடகம். விக்ரோறியா மகாராணி காலத்து லண்டனில் ஒரு கொலை. அதைக் கண்டுபிடிக்கும் துப்பறிவாளர் பொன்னம்பலம். தலையில் தொப்பி, உடம்பில் ஸ்னோ கோட், வாயில் புகைக்குழாய், கையில் பூதக்கண்ணாடி.

"ஆரண்ணை எடுத்தது?" நாடகத்தை நடத்தும் ஸ்ரீஸ்கந்தராசா கேட்டார்.

"வேறை ஆர்? உந்தப் பிணம்தான்!"

பிணமாக நடிப்பவர் பஸ்ரியன். வசனம் இல்லாத வேடம் என்பதால் அவருக்குக் கொப்பியே கொடுக்கவில்லை. ஆனால் பொன்னம்பலம் தடுமாறும்போதெல்லாம், கீழே செத்துக் கிடப்பவர் வாயசைக்காமல் வசனம் எடுத்துக் கொடுப்பார்.

"செத்தவனுக்கு என்ரை வசனம் எப்பிடிப் பாடம்? அவனுக்கு என்ரை வேசத்திலை கண்."

"உங்களுக்கு அவரோடை பழைய கோபம், அங்கிள்," என்றாள் சீமாட்டியாக நடிக்கும் ரதி.

"பின்னை? தன்ரை மகளின்ரை கலியாணத்துக்கு எங்கடை வீட்டை வந்து வாயாலை ஒரு சொல்லுச் சொல்லேல்லை. தபாலிலை கார்ட் போட்டவன். மூண்டு வருசமா அவனோடை கதையில்லை. சாகுமட்டும் கதைக்கமாட்டன்."

ஸ்ரீஸ்கந்தராசா பெருமூச்சு விட்டார். "கொப்பி இருந்தும் மூண்டாங் காட்சி உங்களுக்கு இன்னும் வரேல்லையே அண்ணை. முதல் ரண்டும் தண்ணிபட்ட பாடு. இதுக்கு மட்டும் என்ன? வியாழனுக்குள்ளை பாடமாக்காட்டி வேறை ஆளைத்தான் போடோணும்."

பொன்னம்பலத்தின் முகம் சுருங்கியது. "என்ரை மனிசி எங்கடை மகளின்ரை பிள்ளைப்பேறு பாக்க மொன்றியல் போயிட்டா. எனக்குச் சமைக்கவே நேரம் சரி."

"சரி, இந்தாங்கோ என்ரை கொப்பி. ஒருக்கா வாசியுங்கோ."

"கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டன்."

"அப்ப கையிலை இருக்கிறது என்ன அங்கிள்?" என்று ரதி பூதக்கண்ணாடியைக் காட்டினாள்.

"இது கள்ளன் பிடிக்க!"

சொன்னபடியே குனிந்து மேசையை ஆராய்ந்தார். கொப்பி இருந்த இடத்தில் பாதி கடித்த ரோல்ஸ் ஒன்று கிடந்தது. பூதக்கண்ணாடியால் பார்த்தார். பிறகு மோந்து பார்த்தார்.

"நாங்கள் எல்லாரும் தின்றது மட்டன் ரோல்ஸ். இது மரக்கறி. இப்ப கிறிஸ்தவருக்குத் தபசு காலம். எங்களுக்கை இறைச்சி தின்னாமல் இருக்கிற வேதக்காரன் ஆர்?"

எல்லாரும் கைதட்டினார்கள். மேசையிலிருந்து சிந்திய ரோல்ஸ் தூள், கதிரைகள் அடுக்கும் சின்ன அறைவரை போனது. உள்ளே ஒரு குரல் கேட்டது.

"கதவு உள்ளேயிருந்து பூட்டப்பட்டிருக்கிறது, சீமாட்டி அவர்களே! அப்படியானால் கொலைகாரன் எப்படி வெளியே போனான்?"

"கேட்டீங்களோ? என்ரை மூண்டாங் காட்சி!" பொன்னம்பலம் கதவைத் தள்ளித் திறந்தார்.

பஸ்ரியன் மடியில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். முன்னால் ஒரு ரேப் ரெக்கோடர்.

"உதென்ன வேலை, பஸ்ரியன்?" ஸ்ரீஸ்கந்தராசா கேட்டார்.

பஸ்ரியன் பொன்னம்பலத்தைப் பார்த்தார். பின்னால் கூடி நின்ற எல்லாரையும் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த வேசத்திலை எனக்கு ஒரு ஆசை, அண்ணை. அதுதான் சொல்லிப் பாத்தனான்."

"களவெடுத்தோ? வெக்கமில்லை? இனி இந்தப் பக்கம் வராதையும். பிணமாப் படுத்துக் கிடக்க எனக்கு வேறை ஆள் கிடைக்கும்" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

பஸ்ரியன் கோட்டைப் போட்டுக்கொண்டு படியேறிப் போனார்.

பொன்னம்பலம் ரெக்கோடரிலிருந்து கசெற்றை உருவி எடுத்துத் தன் பொக்கற்றில் போட்டார். "இது தடயம். என்னட்டை இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும், கள்ளனின் குரலைக் கேட்டு ஒருக்காச் சிரிக்கலாம் என்று, கசெற்றை முதலிலிருந்து ஓடவிட்டார்.

"பொன்னம்பலம் அண்ணை, நான் பஸ்ரியன் கதைக்கிறன். நீங்கள் கண்ணாடி போட்டு ஒருநாளும் நான் காணேல்லை. அக்கா மொன்றியல் போனதிலையிருந்து உங்களுக்கு வாசிச்சுச் சொல்ல ஆளில்லை எண்டு விளங்கிட்டுது. மூண்டாங் காட்சியை ஆறுதலா, நிறுத்தி நிறுத்திச் சொல்லுறன். திருப்பித் திருப்பிப் போட்டுக் கேளுங்கோ."

பொன்னம்பலம் கதிரையில் இருந்துவிட்டார்.

"அந்தக் கலியாணக் கார்ட்டையும் தபாலிலை போடாமல் நேரிலை வந்து சொல்லியிருக்கோணும். அப்ப எனக்குத் தெரியாது, அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இந்தக் கசெற்றை ஒருத்தருக்கும் தெரியாமல் உங்கடை கோட்டுப் பொக்கற்றிலை வைக்கிறன். பயப்பிடாதேங்கோ. பிணம் வாய் திறக்காது."