அடுத்தது நிற்கும்வரை

"எங்க வச்சேன்னு இவன்கிட்ட கேக்காதடி. கேட்டா அடுத்தது தங்காது."

"அப்புறம் எப்பத்தான் அத்தே கேக்கறது?"

"அடுத்தது பொறந்து, எழுந்து நிக்கட்டும். அப்ப கேளு. டேய் அந்தோணி, நீயும் வாயத் தொறக்காதே."

மாமியார் கங்கையம்மாள் இதைச் சொன்னபோது அம்சா பாயில் கிடந்தாள். அந்தோணி வாசற்படியில் நின்றிருந்தான். முழங்கால்வரை ஈரமண் அப்பியிருந்தது. புதைக்க எடுத்துக்கொண்டு போன குழந்தை கையில் இல்லை.

கல்லறைக்குப் பெண்கள் உடன் போகும் வழக்கம் அவர்கள் தெருவில் அப்போது இல்லை. ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் போய்விட்ட குழந்தை என்பதால் கோயில் மணியும் அடிக்கவில்லை, சிலுவையும் நடவில்லை. இடம் தெரிந்தவன் அந்தோணி ஒருவன்தான்.

அது பூசை லத்தீனில் நடந்த காலம். இப்போது தமிழில் நடக்கிறது. கங்கையம்மாளும் இதே கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாள். அவள் சொல் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. அடுத்தது இன்னும் பிறக்கவில்லை.

இன்று கல்லறைத் திருநாள். காலையில் தூறிய மழை விட்டிருந்தது. காஞ்சிபுரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சுண்ணாம்பு வாளியும் மெழுகுவத்தியுமாக வந்து, அவரவர் கல்லறையைச் சுற்றிப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

சுண்ணாம்பு அடித்துக்கொண்டே செத்தவர்களின் கதையைச் சொல்வது அந்தோணியின் வழக்கம். வருஷா வருஷம் அதே கதைகள்தான். ஆனாலும் அவன் சொன்னால் அக்கம்பக்கத்துக் கல்லறைக்காரர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

"தனசேகரன் சித்தப்பா இருக்காரே, கருட சேவைக் கூட்டத்துல பனைவிசிறி வித்துக்கினு நிப்பாரு. கொஞ்சம் காத்தடிச்சிட்டா போதும், பெருமாளையே திட்டுவாரு."

அடுத்து அப்பா. மாதா கோயிலில் மணியடித்தவர். தன் கல்யாணத்துக்கும் தானே மணியை அடித்துவிட்டு, மூச்சிரைக்க ஓடிவந்து மாலை போட்டுக்கொண்டவர்.

"எங்கம்மா கதைதான் தெரியுமே. சாவற அன்னிக்கும் கொழம்புல உப்பு பத்தலன்னுட்டுத்தான் கண்ண மூடுச்சி."

அவன் தங்கை காந்தா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மண்ணுக்குள் இருந்த எல்லோருக்கும் ஒரு கதை இருந்தது.

அம்சாவிடமும் ஒன்று இருந்தது. சொல்ல ஒரு மூச்சுகூட ஆகாது. அந்தக் குழந்தை ஒரே ஒரு தடவை தும்மியது. நூறு வயசு இருக்கட்டும் என்று கங்கையம்மாள் "நூறு" என்றாள். பொழுது சாய்வதற்குள் அது அடங்கிவிட்டது.

தண்ணீர் மொண்டுவர அம்சா நுனிக்காலில் போனாள். காந்தா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னா அண்ணி, தீ மிதிக்கிறியா?"

அம்சா சிரித்து வைத்தாள். எந்த இடத்தில் கால் படக்கூடாது என்று தெரியாதவள் வேறெப்படி நடப்பாள்?

ஒரு வருஷம், இங்கிருந்து திரும்பும் வழியில், அந்தோணியே பொறுக்க முடியாமல் "அம்சா, அது வந்து..." என்று ஆரம்பித்தான். அவள் சட்டென்று அவன் வாயைப் பொத்திவிட்டாள். நடுத்தெருவில், நாலு பேர் பார்க்க.

"வேணாங்க. அடுத்தது வரவேண்டியிருக்குது" என்றாள்.

அவன் தலையாட்டினான். அதன்பிறகு கல்லறைத் தோட்டத்தில் எந்தப் பக்கமும் அவன் பார்வை ஒரு நொடிக்கு மேல் நிற்பதில்லை. அதைப் பார்த்து அவள் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்றுதான்.

இந்த வருஷம் வாளியை அவன் அவளைத் தொடவே விடவில்லை. "நீ குந்து. குனியாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அவளுக்கு நாள் தள்ளிப் போயிருந்ததை அவன் கவனித்திருந்தான். ஒரு மாதம், இன்னொரு மாதம், அதற்கு மேலும். வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. சாயப்பட்டறையிலிருந்து வரும்போது சட்டைப்பை நிறைய நெல்லிக்காய் வாங்கிவந்தான். சிவப்பும் பச்சையும் ஏறிய விரல்களால் ஒவ்வொன்றாகத் துடைத்து அவள் கையில் வைத்தான். நரைக்கத் தொடங்கிய மனுஷன், புதுமாப்பிள்ளை மாதிரி விசிலடித்தான்.

அவளும் நம்பினாள். நெசவுக்காரர் வீட்டில் தார்க்குச்சியில் நூல் சுற்றும்போது ராட்டையை நிறுத்திவிட்டு, முந்தானைக்குள் கைவிட்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

போன வாரம் யாருக்கும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். டாக்டரம்மா சொன்னதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை. காலையில் காபி கொடுக்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். அவன் முகத்தைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள்.

அந்தோணி தன் அம்மாவின் கல்லறைக்குக் கடைசிப் பூச்சு அடித்து முடித்தான். மெழுகுவத்தியை ஏற்றி, காற்று படாமல் கையைக் குவித்துக்கொண்டான். பிறகு, காந்தா தள்ளிப் போய்விட்டாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் கல்லறைப் பக்கம் குனிந்தான்.

"எம்மா, அடுத்த வருஷம் இன்னொரு ஆளும் வருது. நல்லபடியா பாத்துக்கோ" என்றான், ரகசியம் போல. சொல்லிவிட்டு அம்சாவைப் பார்த்துச் சிரித்தான்.

அம்சா எழுந்தாள். அவன் பக்கத்தில் வந்து, ஈரம் சொட்டிய சுண்ணாம்பு மட்டையை அவன் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"இன்னாங்க, இது புள்ள இல்லியாம், வயசாயி நாள் நின்னுபோச்சாம். கேட்டாலும் போறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல. நம்ம புள்ளைய எங்க வச்சீங்க? காட்டுங்க."