கூண்டில் விழுந்த முக்காடு

செச்சென் நகரமான க்ரோஸ்னியில் தன் வீட்டுக்குள் நுழைந்ததுமே ஜெலிம், கையிலிருந்த முக்காட்டை அம்மா முன்னால் மேஜையில் வைத்தான்.

“ஏம்மா இப்படிப் பண்ணின? பட்டத்துக்கான சண்டை! அத்லானைக் கீழ தள்ளி மேல உக்காந்துட்டேன். இன்னும் ஒரே குத்து. அப்பப் போய்ச் சண்டைக் கூண்டுக்குள்ள முக்காட்டை வீசுறியே!”

மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். “நான் வாசப்படியே தாண்டலைடா.”

“பின்ன யாரு? நேத்துப் பூரா ‘சண்டை வேணாம்’னு அழுதது நீதானே?”

“நான் இல்லைங்கிறேன். நீ பேசாம குத்திட்டு வந்திருக்கலாமே!”

“பொம்பளை முக்காடு நடுவுல விழுந்தப்புறம் கை ஓங்கினா நான் செச்சென்காரனா? எந்திரிச்சு ஒதுங்கிட்டேன். நடுவர் அவன் கையைத் தூக்கிட்டார். எட்டு வருஷ உழைப்பும்மா!”

வாசலில் இருமல் சத்தம். கழுத்துப்பட்டையோடு அத்லான் நின்றிருந்தான்.

“நன்றி சொல்ல வந்தேன், ஜெலிம். கழுத்தெலும்புல விரிசலாம். இன்னொரு குத்து விழுந்திருந்தா உயிரே போயிருக்கும்னார் டாக்டர். ஏன் நிறுத்தின?”

ஜெலிம் முக்காட்டைக் காட்டினான். அதன் ஓரத்தில் தீய்ந்த ஓட்டை ஒன்று இருந்தது. அத்லான் அதை விரலால் தடவிப் பார்த்தான்.

“இது எங்கம்மாவோடது. சின்ன வயசுல இஸ்திரிப்பெட்டியை வச்சு விளையாடி, நான் சுட்ட ஓட்டை.”

“அப்ப அவங்கதான் வந்திருக்காங்க! இங்கயும் கூட்டிட்டு வந்திருக்கலாமே, ஒரு வாய் சாப்பிட்டுப் போயிருப்பாங்க,” என்றாள் ஜெலிமின் அம்மா.

அத்லான் சட்டைப்பையிலிருந்து சிறு சாவி ஒன்றை எடுத்தான்.

“அவங்களை அடக்கம் பண்ணின அன்னிக்கு, இந்த முக்காட்டை வீட்டுப் பெட்டியில வச்சு நான்தான் பூட்டினேன். சாவி என்னை விட்டுப் போனதே இல்ல.”