கடைசிக் கட்டம் வரை

"பழைய கோவத்த மனசுல வெச்சுக்கினு மார்க்க கொறச்சுடாத குழலி. நீ போடுற மார்க்கப் பாத்துதான் ஜனம் சிடி வாங்குது," என்று தன் புது வீடியோ கேமை நீட்டினான் தீனா.

பத்திரிகையில் கேம் விமர்சனம் எழுதும் கார்குழலிக்கு, திருவொற்றியூர் கம்ப்யூட்டர் சென்டரில் கூடப் படித்த அவனை அறைய வேண்டும் போலிருந்தது. ஆனாலும் முழுதாக ஆடிப் பார்த்துப் பத்துக்கு ஒன்பது போட்டாள். 'கடைசிக் கட்டம் வரை ஆடுங்கள்' என்றும் எழுதினாள்.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை சிடிகள் பறந்தன.

மறு மாதம் தீனா வேர்க்க விறுவிறுக்க வந்தான். "கடைசிக் கட்டத்தத் தாண்டுனா, 'உருவாக்கியவர் கார்குழலி'ன்னு உன் போட்டோவோட வருது. ஊரே என்னைத் திருடன்னு காறித் துப்புது."

"படிக்கிறப்போ நான் பண்ண கேமத் திருடினியே நைனா, விக்கிறதுக்கு முன்னாடி ஒரு தபா முழுசா ஆடிப் பாத்திருக்கலாம்ல?"