ஆறாம் மாடி மிளகுக்கொடி

"பிலோமினாவுக்கு நான் மருந்து வெச்சுட்டேன், அச்சா!"

பாவமன்னிப்புக் கூண்டில் மண்டியிட்டிருந்த ரோசக்குட்டி படபடவென்று சொல்லிவிட்டாள். தட்டிக்கு அப்பால் பங்குச் சாமியார் வர்க்கி அச்சன் நெளிந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையைப் பிரசங்கமே இல்லாமல் முடித்துவிட்டு வந்த மனிதர், இங்கேயும் உட்கார்ந்தும் உட்காராமலும்தான் இருந்தார்.

"எந்தப் பிலோமினா? உன் பக்கத்து ஃபிளாட்டா?"

"அவளேதான். என் மிளகைத் திருடறா."

ரோசக்குட்டிக்குக் கோபம் வராதா? இடுக்கியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கொடி அது. நார் சுற்றிய கம்பில் ஏற்றிவிட்டு, நனையாமல் மிளகு பிடிக்காதென்று ஒவ்வொரு மழைக்கும் தொட்டியைப் பால்கனிக்கு இழுத்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம் என்று அலுத்துப்போன நேரத்தில் காய்த்தது. அச்சன் வந்து அவள் வீட்டில் நடத்தும் சனிக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பியதும் பார்த்தால், வாராவாரம் சில சரங்கள் குறையும்.

"கூட்டத்துக்கு எத்தனையோ பேர் வர்றாங்க. அவதான்னு எப்படிச் சொல்ற?"

"மறுநாளே அவ வீட்டு மீன் வறுவல்ல பச்சை மிளகு வாசனை தூக்குதே! உங்களைப் பார்த்தாவது பயம் வரட்டும்னு உங்க நாற்காலியைக் கொடிக்குப் பக்கத்துல போட்டேன். அப்பவும் போச்சு."

"அதுக்கு என்ன பண்ணின?"

"நேத்து எல்லாச் சரத்துலயும் பேதி மருந்தைப் பூசி வெச்சேன். வழக்கம்போல காணாமப் போச்சு. இன்னிக்கு அவ பூசைக்கும் வரல, வீடும் பூட்டிக் கெடக்கு. எந்த ஆஸ்பத்திரியில கெடக்கறாளோ!"

ரோசக்குட்டி விசும்பினாள். கைப்பிடி மிளகுக்காக ஒரு உயிரை வாங்கிவிட்டோமே!

"அழாதே. அவ விடியக்காலையிலயே திருச்சூர் கல்யாணத்துக்குப் போயிட்டா. போற வழியில கோயிலுக்கு வந்து மெழுகுவத்தி ஏத்தினா. நல்லாத்தான் இருக்கா."

போன உயிர் திரும்பி வந்தது ரோசக்குட்டிக்கு. அடுத்த நிமிடமே பழைய ரோசக்குட்டியும் திரும்பி வந்தாள்.

"அப்போ என் மிளகைத் தின்னது யாரு?"

நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு தட்டிக்கு அப்பாலிருந்து கெஞ்சலாக ஒரு குரல் வந்தது.

"இந்தப் பேதி எப்போ நிக்கும், மகளே?"