நாலே நாலு விவரம்

"கதை வேண்டாம். நாலே நாலு விவரம் சொல்லுங்க, போதும்" என்று தொலைபேசியில் கறாராகச் சொன்னாள் தலைமை நர்ஸ்.

மறுமுனையில் இருந்தவர் ஆம்புலன்ஸ் உதவியாளர். அவசரப் பிரிவில் அவருக்கு 'முன்னறிவிப்பு' என்று பட்டப்பெயர். கால் சுளுக்குக்கும் போன் பண்ணுவார், விரலில் மோதிரம் இறுகினாலும் போன் பண்ணுவார்.

போன வாரம் தும்மல் நிற்காத ஒருவருக்காக டாக்டர், படுக்கை, ஆக்சிஜன் எல்லாம் தயாராக வைக்கச் சொல்லிவிட்டு, நர்ஸிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். உயிர் போகிற கேஸ் என்றால் மட்டும்தான் முன்கூட்டிக் கூப்பிட வேண்டும், அதுவும் வயது, கோளாறு, நாடித்துடிப்பு, வந்துசேரும் நேரம் என்று நான்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே அவள் சட்டம் போட்டுவிட்டாள்.

"அது வந்து சிஸ்டர், நடந்தது என்னன்னா..."

"நாலு."

"ஆம்பளை, நாப்பத்தாறு. நெஞ்சு வலி, சட்டையெல்லாம் வேர்வை. நாடி நாப்பத்திரண்டு. பத்து நிமிஷம்."

இது தும்மல் இல்லை என்று நர்ஸுக்குப் புரிந்துவிட்டது. இதய டாக்டரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பினாள். ஊசி மருந்துகளை எடுத்து வைத்து, தள்ளுபடுக்கையோடு வாசலுக்கே வந்து நின்றாள்.

பத்து நிமிடம் ஆயிற்று, பதினைந்தும் ஆயிற்று. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு நர்ஸைப் பார்த்தார். முன்னறிவிப்பின் பேச்சை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் தட்டியது. போனை எடுத்து அவரைக் கூப்பிட்டாள்.

வந்துகொண்டுதான் இருக்கிறோம், ஆனால் வண்டி ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் நின்று நின்று வருகிறது என்றார் அவர், அழாத குறையாக.

"டிரைவர்கிட்ட சொல்ல மாட்டீங்களா?"

"அவர் கேக்கற நிலையில இல்லையே சிஸ்டர்."

நர்ஸுக்குச் சுர்ரென்று ஏறியது. இதுவரை முகம் பார்த்திராத அந்த டிரைவர் வரட்டும், ஒரு பிடி பிடித்துவிடுகிறேன் என்று பல்லைக் கடித்தாள்.

வண்டி வந்து நின்றது. ஆக்சிஜன் முகமூடிக்குள் கண் சொருகிக் கிடந்தவரை ஆறு கைகள் சேர்ந்து இறக்கி உள்ளே கொண்டு ஓடின. அதன் பிறகு அரை மணி நேரத்துக்கு யாரும் நிமிரவில்லை.

நாடி ஒருவழியாக எழுபதைத் தொட்டது. இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் ஆள் கிடைத்திருக்க மாட்டார், எல்லாம் தயாராக இருந்ததால் பிழைத்தார் என்று சொல்லி டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

சுவரோரமாக உட்கார்ந்து முன்னறிவிப்பு குலுங்கிக் குலுங்கி அழுதார். நர்ஸ் தண்ணீர் கொடுத்து, இனிமேல் எதற்கு வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று தட்டிக்கொடுத்தாள்.

பிறகு நேராக வாசலுக்கு நடந்தாள். வண்டி இன்னும் வழியை அடைத்துக்கொண்டுதான் நின்றது. டிரைவர் பக்கத்துக் கதவைப் படாரென்று திறந்தாள்.

"உயிரக் கையில புடிச்சுக்கிட்டு ஒருத்தர் பின்னாடி கெடக்கறார். நீங்க ஸ்டாப் ஸ்டாப்பா நின்னு வர்றீங்க. என்ன டிரைவர் நீங்க?"

ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி பைஜாமாவில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே வண்டிக் கண்ணாடியில் மாட்டியிருந்த குளுகோஸ் பாட்டிலிலிருந்து குழாய் ஒன்று அவருடைய இடது கைக்கு இறங்கியது.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டின பழக்கம்மா. ஸ்டாப்பைப் பாத்தாலே கால் பிரேக்குக்குப் போயிடுது" என்று அவர் தலையைச் சொறிந்தார். "உங்க டிரைவரத்தான் இப்ப உள்ள தள்ளிட்டுப் போனீங்க. பேஷண்ட் நான்."