முதல் வரி

"முதல் வரியை மட்டும் நீங்க சொல்லிடுங்க டாக்டர். அப்புறம் அவளே பிடிச்சுக்குவா."

ஆனந்தவள்ளி கதவருகில் நின்றபடியே இதைச் சொன்னாள். செருப்பை வெளியே விட்டிருந்தாள். அவள் மகள் யமுனா மருத்துவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்து மாடியறை. அன்று அங்கே சான்றிதழ் முகாம். சுவரில் மாணவர் யாரோ வரைந்த இருதயப் படம். பாதி நீலம், பாதி சிவப்பு.

யமுனா பத்தாம் வகுப்பு. அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அப்படி ஒரு பிரச்சினைக்குப் பெயர் இருப்பதே எட்டாம் வகுப்பில்தான் பள்ளிக்குத் தெரிந்தது. இன்று சான்றிதழ் கிடைத்தால் பொதுத்தேர்வில் ஒருவர் அவளுக்குக் கேள்விகளைப் படித்துக் காட்டுவார், அவள் சொல்வதை எழுதுவார். கிடைக்காவிட்டால் வினாத்தாளும் அவளும்தான்.

அழைத்து வந்தது சிறப்பாசிரியை ஜென்சி.

மருத்துவர் நல்ல மனிதர். பிள்ளை மிரளக் கூடாது என்று, தன்னிடமிருந்த வாசிப்புச் சோதனை அட்டையை ஒதுக்கிவிட்டு அவளுடைய அறிவியல் புத்தகத்தையே வாங்கிப் பிரித்து வைத்தார். தாய் கேட்டபடி முதல் வரியைத் தானே வாசித்தார்.

யமுனா அந்த வரியை இரண்டு முறை சொன்னாள். பிறகு நிற்கவில்லை.

எங்கும் தடுக்கவில்லை. மூச்சு விட வேண்டிய இடத்தில் மூச்சு விட்டாள். மருத்துவர் தன் தாளில் எதையோ எழுதியபடி தலையாட்டினார்.

பக்கம் முடிந்தது. அவள் தாளைத் திருப்பவில்லை. அடுத்த பக்கத்துப் பாடம் வந்துகொண்டிருந்தது.

ஜென்சி அதைப் பார்த்தாள்.

ஸ்ரீரங்கத்தில் அவர்கள் பள்ளியில் காலை வகுப்பு பாசுரம். ஆசிரியர் ஒரு முறை சொல்வார், பிள்ளைகள் இரண்டு முறை திருப்பிச் சொல்வார்கள். கையில் புத்தகம் கிடையாது. பள்ளி தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். அந்த வகுப்பில் யமுனாவை மிஞ்ச ஆளில்லை.

அதைப் பார்த்துத்தான் ஜென்சிக்கு யோசனை வந்தது. அறிவியல், வரலாறு, தமிழ் உரைநடை என்று எல்லாவற்றையும் மாலை நேரத்தில் பாசுரம் போலவே சொல்லிக்கொடுத்தாள். அவள் ஒரு முறை, யமுனா இரண்டு முறை. அதே பள்ளியில் ஆயாவாக இருக்கும் ஆனந்தவள்ளி, வெளியே வராந்தாவைக் கூட்டியபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

இது மனப்பாடம், வேறு பக்கம் கொடுங்கள் என்றாள் ஜென்சி.

மருத்துவர் மறுக்கவில்லை. புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்தார். அதற்கும் முதல் வரியை அவரே வாசித்தார்.

இரண்டு முறை. பிறகு நிற்கவில்லை.

இன்னொரு பக்கத்துக்குப் பின் அவர் புத்தகத்தை மூடினார். "முழுப் புத்தகமும் மனப்பாடம்னா, இந்தப் பொண்ணுக்கு எழுதிக் கொடுக்க ஆள் எதுக்கும்மா?"

சற்று முன் யமுனா எழுதிய தாள் அவர் முன்னால் இருந்தது. எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கிக் கிடந்தன. கையெழுத்துதான் மோசம், பழகினால் வந்துவிடும் என்றார்.

ஜன்னலோரம் கிடந்த செய்தித்தாளை ஜென்சி எடுத்து மேசைமேல் வைத்தாள். இதில் ஏதாவது ஒரு பத்தி, முதல் வரி சொல்லாமல் என்று கேட்டுக்கொண்டாள்.

மருத்துவர் வெளியே நின்ற வரிசையைப் பார்த்தார். ஆனாலும் செய்தித்தாளை விரித்தார்.

அப்போது ஆனந்தவள்ளி உள்ளே வந்தாள். அந்தச் சான்றிதழில் என்னவென்று எழுதுவீர்கள் என்று கேட்டாள். கற்றல் குறைபாடு என்று எழுதுவோம் என்றார் அவர்.

அவள் செய்தித்தாளை மடித்து ஜென்சியின் கையில் கொடுத்தாள்.

"போதும் மிஸ். படிச்சுக் காட்டிட்டாள்ல."

மருத்துவர் அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார்.

படியில் இறங்கும்போது, நன்றாகப் படித்தேனா என்று யமுனா கேட்டாள். நன்றாகச் சொன்னாய் என்றாள் ஜென்சி. தேர்வறையில் முதல் வரியைச் சொல்ல யாரும் இருக்கப்போவதில்லை. அதை அவள் சொல்லவில்லை.

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஆனந்தவள்ளி மணப்பாறை முறுக்கு ஒரு பொட்டலம் வாங்கினாள். அவர்கள் தெருவிலிருக்கும் ராசாத்தி திருவெள்ளறைக்குப் போக அங்கே நின்றிருந்தாள். யமுனாவை மக்கு என்றே கூப்பிடுகிறவள். டாக்டர் பார்த்துவிட்டார், ஒரு குறையும் இல்லையாம், புத்தகம் முழுவதும் படித்துக் காட்டினாள் என்று ஆனந்தவள்ளி அவளிடம் சொன்னாள். முறுக்கை நீட்டினாள்.

ராசாத்தி ஒன்றை எடுத்துக் கடித்தாள். ஒரு பஸ் வளைந்து வந்து நின்றது.

"எங்க, இது எந்த ஊரு பஸ்ஸுன்னு படிச்சுச் சொல்லுடி பாப்போம்."

யமுனா நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஆனந்தவள்ளி பஸ்ஸைப் பார்க்கவில்லை. மகளையும் பார்க்கவில்லை. ஜென்சியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜென்சி யமுனாவின் பின்னால் போய் நின்று, மெதுவாக, ஒரு முறை சொன்னாள்.

யமுனா இரண்டு முறை சொன்னாள்.