எருக்குழி ஓரத்து மண்

செவலைப் பசு கொட்டகையில் அசைபோட்டுக்கொண்டிருந்தது. பரிசோதனைக்கு மண் எடுக்க முதலாளி மண்வெட்டியோடு வந்தார். புல் விளையும் காட்டில் காலே வைக்காமல், நேராக எருக்குழி ஓரத்துக்குப் போய்க் கறுகறுவென்றிருந்த மண்ணை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

மண்வெட்டியைக் கொட்டகையில் சாய்த்து வைத்துவிட்டு அவர் போனதும் பசு அதைக் கேட்டது: “நான் தின்கிற புல் அங்கே விளையுது. நீ ஏன் இங்கே வெட்டினே?”

“அந்த மண் வெளுத்துக் கிடக்கு. அதை அனுப்பினா எங்க மானம் என்னாகிறது?”

“உன் முதலாளிக்குக் காய்ச்சல் வந்தா பக்கத்து வீட்டுக்காரன் ரத்தத்தையா சோதனைக்குக் கொடுப்பார்?”



மண் பரிசோதனை முடிவு வந்தது. மண்ணில் சத்து ஏராளம், உரமே வேண்டாம் என்றிருந்தது. முதலாளி அதை ஊரெல்லாம் காட்டிவிட்டு, எரு முழுவதையும் வாழைத்தோட்டக்காரருக்கு விற்றார். அடுத்த அறுப்புக்குப் புல் மஞ்சள் பாய்ந்து முழங்கால் உயரம்கூட வளரவில்லை. பசுவின் மடி வற்றியது.

“பாலை ஏன் குறைச்சே? எங்களுக்குத்தான் அவமானம்!” என்று மண்வெட்டி அதட்டியது.

பசு பால் வாளியை ஓர் உதை விட்டது. அது உருண்டுபோய்க் காலியான எருக்குழிக்குள் விழுந்தது.

“மண் எடுத்த இடத்திலேயே பாலையும் கறந்துக்கச் சொல்லு.”